பழைய கார்புரேட்டர் எஞ்சினும் ஆக்சிஜன் சென்சாரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார் வைத்திருப்பவர்கள், கார்புரேட்டர் கலந்து தரும் பெட்ரோல்-காற்றுக் கலவையை ட்யூன் செய்வதற்காக ஆக்சிஜன் சென்சார் வாங்கிய கையோடு கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பலருக்கும் பலமுறை சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன. கார்புரேட்டர் பொருத்திய, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) இல்லாத பெட்ரோல் எஞ்சின்களை மனதில் வைத்தே எல்லாப் பதில்களும்.

இந்த சென்சார் எதைத்தான் அளக்கிறது? எவ்வளவு பெட்ரோல் போகிறது என்பதையா?

பெட்ரோலை அது பார்ப்பதே இல்லை. எரிந்து வெளியே வரும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்பதை மட்டுமே பார்க்கிறது. மிச்சம் இருந்தால் காற்று அதிகம், அதாவது லீன். மிச்சமே இல்லாமல் எரியாத எரிபொருள் வந்தால் பெட்ரோல் அதிகம், அதாவது ரிச். இந்த ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இதில்தான் இருக்கிறது.

சென்சாரோடு இணைத்த மீட்டரில் லாம்டா என்று ஒரு எண் வரும். ஆக்சிஜனும் பெட்ரோலும் மிச்சமில்லாமல் கணக்காக எரிந்தால் லாம்டா 1. கலப்பில்லாத பெட்ரோலுக்கு அது எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல். 1-க்குக் கீழே போனால் ரிச், மேலே போனால் லீன். 0.90 என்றால் தேவையானதில் 90 சதவீதக் காற்றுதான் இருக்கிறது என்று பொருள்.

பழைய பார்ட்ஸ் கடையில் ஒரு வயர், மூன்று வயர் சென்சார் மலிவாகக் கிடைக்கிறது. அது போதாதா?

போதாது. அது நேரோபேண்ட் வகை. 1976-ல் வோல்வோ கார்களில் போஷ் லாம்டா சென்சார் முதன்முதலாக வந்தபோது அதன் வேலை ஒன்றே ஒன்றுதான்: கலவை லாம்டா 1-க்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று சொல்வது. ரிச் ஆனால் சுமார் 0.8, 0.9 வோல்ட், லீன் ஆனால் 0.1 வோல்ட், நடுவில் 0.45 வோல்ட்டில் சட்டென்று ஒரு தாவல். நம் எஞ்சினுக்கு வேண்டிய 0.86, 0.92 போன்ற இடங்களில் அதன் வோல்டேஜ் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். போதாக்குறைக்கு சென்சாரின் சூட்டைப் பொறுத்து மாறவும் செய்யும்.

வாங்க வேண்டியது வைட்பேண்ட். அதனுள்ளே ஒரு சிறு அறை இருக்கிறது. அந்த அறையில் எப்போதும் லாம்டா 1 நிலை இருக்கும்படி கன்ட்ரோலர் (சென்சாரை இயக்கும் மின்னணுப் பெட்டி) ஆக்சிஜனை உள்ளே தள்ளும் அல்லது வெளியே இழுக்கும். அதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்பதிலிருந்து கலவை தெரிந்துவிடும். அதனால்தான் ரிச் பக்கமும் லீன் பக்கமும் துல்லியமான எண் கிடைக்கிறது. கன்ட்ரோலர் இல்லாமல் வைட்பேண்ட் சென்சாரை மட்டும் வாங்கி ஒரு பயனும் இல்லை.

இந்த கார் வந்த காலத்தில் சென்சாரே கிடையாது. பிளக் நிறம் பார்த்துத்தானே ட்யூன் செய்தார்கள்?

ஆமாம், நன்றாகவே செய்தார்கள். நானும் இன்றுவரை பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறேன். ஆனால் பிளக் நிறம் சொல்வது கடைசியாக ஓட்டிய பல நிமிடங்களின் மொத்தக் கதை. ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலையில்) ரிச்சாகவும் ஏற்றத்தில் லீனாகவும் இருந்த எஞ்சினில் இரண்டும் கலந்து ஒரு நல்ல பழுப்பு நிறம் வந்துவிடலாம். மேலும் இன்றைய ஈயமில்லாத பெட்ரோலில் பிளக் பழைய மாதிரி தெளிவாக நிறம் காட்டுவதில்லை.

சென்சார் தரும் பலன், எந்த த்ராட்டில் (ஆக்சிலரேட்டர் திறக்கும் காற்று வால்வு) நிலையில் எந்த நொடியில் கலவை தவறுகிறது என்று பிரித்துக் காட்டுவது. கார்புரேட்டரில் ஐடில், நடுநிலை, முழு த்ராட்டில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழிகள் இருக்கின்றன. எந்த வழியில் பிழை என்று தெரிந்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி.

சென்சார் வந்துவிட்டது. மாட்டிவிட்டு ஜெட்டைத் திருப்ப ஆரம்பிக்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். ஜெட் (பெட்ரோல் அளவாக வரும் துளை) கடைசியில்தான். முதலில் கம்ப்ரஷன், டேப்பெட் இடைவெளி, பாயின்ட் இடைவெளி, இக்னிஷன் டைமிங், பிளக் வயர்கள். அப்புறம் ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் மட்டம், இன்லெட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு, த்ராட்டில் ஸ்பிண்டிலில் தேய்மானம். இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் அந்தக் குறையை ஜெட் வைத்து மூடி மறைக்கிறீர்கள். அடுத்த மாதம் அது வேறு உருவத்தில் வரும்.

வாக்குவம் அட்வான்ஸையும் (சுமை குறைந்த நேரத்தில் ஸ்பார்க்கை முன்கூட்டியே வர வைக்கும் அமைப்பு) மறக்காதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் அதன் டயஃப்ரம் கிழிந்திருப்பது பழைய கார்களில் சகஜம். லீன் கலவை மெதுவாக எரியும். அதற்கு ஸ்பார்க் முன்கூட்டியே வர வேண்டும். அட்வான்ஸ் வேலை செய்யாத காரில் நடுத்தர வேகத்தில் வண்டி திக்கித் திக்கிப் போகும், நீங்கள் ரிச் ஆக்கி அதைச் சரிசெய்துவிட்டதாக நினைப்பீர்கள்.

பைப்பில் எந்த இடத்தில் துளை போடுவது?

எல்லா சிலிண்டர் புகையும் ஒன்றுசேர்ந்த பிறகு, சைலன்சருக்கு முன்னால். எக்ஸாஸ்ட் வால்விலிருந்து முக்கால் மீட்டர் வாக்கில் இருந்தால் பெரும்பாலான எஞ்சின்களில் சூடு அளவோடு இருக்கும். சென்சாரைத் திருகி மாட்டுவதற்காகப் பைப்பில் பற்றவைக்கும் வளையத்தின் மரை 18 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. இடைவெளி. வெல்டிங் செய்யும்போது சென்சார் அதில் இருக்கவே கூடாது.

சென்சார் பைப்பின் மேல் பாதியில், முனை கீழே சாய்ந்திருக்க வேண்டும். கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது பைப்பில் தண்ணீர் சேரும். உள்ளே இருக்கும் செராமிக் 700 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேறி வேலை செய்வது. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும்.

ஒரிஜினல் பைப்பில் ஓட்டை போட மனசு வரவில்லை. பின்பக்கக் குழாயில் சொருகி அளக்கலாமா?

அளக்கலாம். அதற்கென்று கிளாம்ப் வைத்த குழாய்கள் இருக்கின்றன. ஆனால் ஐடிலில் வரும் எண்ணை நம்பாதீர்கள். குறைந்த வேகத்தில் வெளிக்காற்று பின்பக்கக் குழாய் வழியே உள்ளே ஏறும், மீட்டர் லீன் என்று பொய் சொல்லும். எவ்வளவு ஆழமாகச் சொருக முடியுமோ அவ்வளவு சொருகுங்கள். ரோட்டில் சுமையோடு ஓடும்போது காட்டும் எண் பரவாயில்லை, சற்றுத் தாமதமாக வரும் அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த வழி வேறு. முன் பைப்பைப் போலவே இன்னொன்று செய்து, அதில் வளையம் வைத்து ட்யூன் செய்துவிட்டு, வேலை முடிந்ததும் ஒரிஜினலைத் திரும்ப மாட்டுவது. கொஞ்சம் செலவு கூடும். ஆனால் பழைய காரின் ஒரு பாகத்தைக் கெடுத்துவிட்டோமே என்ற உறுத்தல் இருக்காது.

என் கார் 6 வோல்ட். நண்பருடையது பாசிட்டிவ் எர்த். கன்ட்ரோலர் எரிந்துவிடுமா?

கன்ட்ரோலர்கள் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் என்று வைத்துத்தான் செய்யப்படுகின்றன. பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியோடு இணைத்த பாசிட்டிவ் எர்த் காரில் நேரடியாக இணைத்தால், மீட்டரின் உலோக உடல் பாடியைத் தொட்ட இடத்தில் ஷார்ட் ஆகிவிடலாம். இரண்டு கார்களுக்கும் ஒரே தீர்வு: தனியாக ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி. காரின் வயரிங்கோடு எந்தச் சம்பந்தமும் வேண்டாம், மீட்டரையும் பாடியில் படாமல் வையுங்கள். சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டர் சில ஆம்பியர் இழுக்கும், ஒரு பகல் வேலைக்குப் பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்துகொண்டு வந்தால் போதும்.

சரி, எந்த எண்ணுக்கு வைக்க வேண்டும்? 14.7 தானே சரியான எண்?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் பதில் சொல்லியிருக்கிறேன். 14.7 என்பது கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்ய வேண்டிய எண். புதிய கார்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஓடுவது அதனால்தான். கன்வெர்ட்டர் இல்லாத பழைய எஞ்சினுக்கு அந்த எண்ணின் மேல் தனிப் பாசம் எதுவும் கிடையாது. அதிக இழுவிசை கிடைப்பது 0.86 முதல் 0.90 வரை. பெட்ரோல் மிச்சமாவது 1.05 பக்கம், எஞ்சின் அதைத் தாங்கினால்.

நான் ஆரம்பத்தில் குறிவைப்பது இப்படி: ஐடிலில் 0.90 முதல் 0.95. சமதளத்தில் சீரான வேகத்தில் 0.97 முதல் 1.03. முழு த்ராட்டிலில் 0.85 முதல் 0.88. சுமையோடு முழு த்ராட்டிலில் போகும்போது 0.95-க்கு மேல் ஏறினால் உடனே காலை எடுங்கள். பிஸ்டன் உருகுவதற்கு நீண்ட நேரம் வேண்டியதில்லை. காற்றால் குளிரும் எஞ்சின் என்றால் இன்னும் கொஞ்சம் ரிச்சாகவே விடுங்கள், கூடுதல் பெட்ரோல் அங்கே குளிர்ச்சியும் தருகிறது.

ஏன் புதிய எஞ்சின் அளவுக்கு லீனாகப் போக முடியாது என்றால், பழைய இன்லெட் மேனிஃபோல்டுகள் (கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்கள்) பெட்ரோலைச் சமமாகப் பங்கிடுவதில்லை. ஆவியாகாத பெட்ரோல் சுவரில் படலமாக ஓடி, வளைவில் ஒரு சிலிண்டருக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் போய்ச் சேரும். மீட்டரில் சராசரி 1.00 என்று இருந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் 1.08-ல் திண்டாடிக்கொண்டிருக்கலாம். அந்த ஒரு சிலிண்டருக்காகத்தான் மொத்தத்தையும் கொஞ்சம் ரிச்சாக வைக்கிறோம்.

பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. மீட்டர் எண்ணை மாற்றிக் கணக்குப் போட வேண்டுமா?

மீட்டரை லாம்டாவில் வைத்தால் கணக்கே வேண்டாம். சென்சாருக்குத் தெரிந்தது லாம்டா மட்டுமே. 14.7, 13.2 என்று காட்டும் மீட்டர் உள்ளுக்குள் லாம்டாவை 14.7 ஆல் பெருக்கித்தான் காட்டுகிறது. 10 சதவீத எத்தனாலுக்கு உண்மையான விகிதம் சுமார் 14.1, ஆனாலும் லாம்டா 1 வந்தால் அந்த மீட்டர் 14.7 என்றே காட்டும். அதனால்தான் இந்தப் பக்கம் முழுவதும் லாம்டாவிலேயே எழுதியிருக்கிறேன்.

ஆனால் ஜெட்டைப் பார்க்கத்தான் வேண்டும். எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருக்கிறது. எதையும் தொடாமல் 10 சதவீதக் கலப்புக்கு மாறினாலே கலவை ஏறக்குறைய 4 சதவீதம் லீன் ஆகும். 20 சதவீதக் கலப்பில் சுமார் 8. அந்தக் காலத்து அட்டவணைப்படி ஜெட் போட்டும் வண்டி பிக்கப் இல்லாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ட்யூன் செய்யும்போது வழக்கமாக எந்தப் பெட்ரோல் போடுகிறீர்களோ அதையே போடுங்கள்.

எஸ்யு கார்புரேட்டர். ஐடிலில் 0.92 வைத்துவிட்டேன், முழு த்ராட்டிலில் 0.98 போகிறது. நட்டை இன்னும் இறக்கவா?

வேண்டாம். எஸ்யுவில் காற்றோட்டத்தால் ஏறி இறங்கும் ஒரு பிஸ்டன், கூம்பு வடிவ ஊசி ஒன்றை ஜெட்டுக்குள் நகர்த்துகிறது. ஜெட் நட்டை இறக்கினால் ஐடில் முதல் உச்சம் வரை எல்லா இடமும் ரிச் ஆகும், ஐடிலில்தான் அதிகமாகத் தெரியும். ஐடில் சரி, மேலே லீன் என்றால் ஊசியின் வடிவம் பொருந்தவில்லை. அந்த ஊசியின் தடிமனை ஒவ்வொரு எட்டில் ஒரு அங்குலத்திலும் அளந்து அட்டவணை போட்டிருக்கிறார்கள். பிழை வரும் நேரத்தில் பிஸ்டன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் மட்டும் மெலிதாக இருக்கும் ஊசியைத் தேடுங்கள்.

நட்டைத் திருப்பும்போது ஒரு நேரத்தில் ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு சுற்று. திருப்பிய பின் அரை நிமிடம் பொறுத்து எண்ணைப் பாருங்கள். ஊசியை மாற்றுவதற்கு முன் பிஸ்டன் தடையில்லாமல் விழுகிறதா, டேஷ்பாட்டில் (பிஸ்டன் சட்டென்று ஏறாமல் தடுக்கும் குழாய்) எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இரட்டை வெபர் கார்புரேட்டர். எந்த ஜெட்டிலிருந்து தொடங்குவது?

கீழிருந்து மேலே. முதலில் ஐடில் ஜெட்டும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவும், அப்புறம் ப்ரோக்ரஷன் துளைகள் (ஐடிலிலிருந்து மெயின் ஜெட்டுக்கு மாறும் இடத்தில் பெட்ரோல் தருபவை) வேலை செய்யும் பகுதி, அடுத்து மெயின் ஜெட், கடைசியில் ஏர் கரெக்டர் (மெயின் ஜெட் பெட்ரோலோடு காற்றைக் கலக்கும் ஜெட்). ரோட்டில் சாதாரணமாகப் போகும்போது வெபர் பெரும்பாலும் ஐடில் ஜெட்டில்தான் ஓடுகிறது. இது தெரியாமல், மிதமான வேகத்தில் லீனாக இருக்கிறது என்று மெயின் ஜெட்டை மாற்றிக்கொண்டே போகிறவர்கள் நிறையப் பேர்.

மெயின் ஜெட்டுக்கு ஒரு கணக்கு உதவும். 120 என்ற ஜெட்டின் துளை 1.20 மி.மீ., 125-ன் துளை 1.25. பரப்பளவு ஏறக்குறைய 8.5 சதவீதம் கூடுகிறது. முழு த்ராட்டிலில் 0.95 காட்டிய எஞ்சின் 125 போட்டால் 0.88 பக்கம் வரும். பத்து ஜெட் வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைவிட இந்தக் கணக்கைப் போட்டு இரண்டு வாங்குவது மேல். கார்புரேட்டரின் எல்லாத் தொண்டைக்கும் (காற்றுப் பாதைக்கும்) ஒரே அளவு ஜெட் என்பதையும் சரிபாருங்கள். பழைய கார்களில் முந்தைய கைகள் கலந்து போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மீட்டர் 1.10, ரொம்ப லீன் என்கிறது. ஆனால் பிளக் கறுப்பு, புகையில் பெட்ரோல் நாற்றம். எது பொய்?

இரண்டும் உண்மையைத்தான் சொல்கின்றன. முதல் பதிலுக்குத் திரும்பிப் போங்கள்: சென்சார் பார்ப்பது மிச்ச ஆக்சிஜனை. ஒரு சிலிண்டர் எரியாமல் மிஸ் ஆனால் அதன் காற்று முழுவதும் அப்படியே புகையில் வந்து சேரும், கூடவே எரியாத பெட்ரோலும். மீட்டர் ஆக்சிஜனைப் பார்த்து லீன் என்கிறது, உங்கள் மூக்கு பெட்ரோலைப் பிடிக்கிறது.

இதில் நானே இரண்டு வார இறுதிகளை இழந்திருக்கிறேன். நான்கு சிலிண்டர் எஞ்சின், ஐடிலில் 1.10. ரிச் ஆக்கினேன், எண் இறங்கவில்லை. இன்னும் ரிச் ஆக்கினேன், ஐடில் மோசமானது, பிளக்குகள் கரி படிந்து போயின. கடைசியில் பார்த்தால் ஒரு பிளக் வயரின் உள்ளே முறிவு. வயரை மாற்றியதும் மீட்டர் 0.80-க்கு விழுந்தது, அதாவது நான் ஏற்றி வைத்த பெட்ரோல் எல்லாம் அப்போதுதான் வெளியே தெரிந்தது. எல்லா நட்டையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ஐடிலில் லீன் எண்ணைக் கண்டால் முதலில் ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்கி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கிறேன்.

இன்னொரு காரணம் எக்ஸாஸ்ட் கசிவு. புகை துடிப்பு துடிப்பாக வருவதால் இடையில் பைப்பினுள் அழுத்தம் குறையும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் ஊசித் துளை இருந்தால்கூட வெளிக்காற்றை உறிஞ்சும். அடையாளம் எளிது: ஐடிலில் லீனாகவும், சுமை ஏற ஏறச் சரியாகவும் காட்டும். இணைப்புகளில் கரும்புகைத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐடிலில் எண் நடனமாடுகிறது. சென்சார் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. 0.88-க்கும் 0.96-க்கும் இடையே ஆடுவது கார்புரேட்டரில் இயல்பு, நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ரேஸ் கேம் (வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்ட்) போட்ட எஞ்சினில் ஐடில் எண்ணை அடியோடு விட்டுவிடுங்கள். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தில் புதிய கலவை எரியாமலே வெளியே போய்விடும். காதால் கேட்டு, சீராக ஓடும் இடத்தில் விட்டுவிடுவதுதான் வழி. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது வரும் எண்களையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு நொடி திணறல். அந்த நேரத்தில் மீட்டரைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை.

கண்ணால் பிடிக்க முடியாது. புகை சென்சார் வரை வந்துசேர நேரம் பிடிக்கும், அதற்குள் த்ராட்டில் நிலை மாறிவிடும். எண்களைப் பதிவு செய்து பிறகு பாருங்கள். மிதித்த உடனே லீன் பக்கம் கூர்மையாக ஏறினால், வெபரில், மிதித்ததும் கூடுதல் பெட்ரோல் ஊற்றும் பம்பின் ஜெட் சிறியது அல்லது பம்ப் வேலை செய்யவில்லை. எஸ்யுவில் டேஷ்பாட் எண்ணெய் நீர்த்துப்போயிருக்கிறது அல்லது காலியாகிவிட்டது. மிதித்ததும் 0.70 பக்கம் இறங்கிக் கரும்புகை வந்தால் பம்ப் தேவைக்கு மேல் ஊற்றுகிறது.

எதுவானாலும் ரோட்டில் மீட்டரைப் படிக்க பக்கத்து சீட்டில் ஒருவர் இருக்கட்டும். ஓட்டுபவரின் கண் சாலையில்தான் இருக்க வேண்டும்.

இரண்டு கார்புரேட்டர், ஒரு சென்சார். 0.90 வந்துவிட்டால் இரண்டும் சரி என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஒன்று 0.80, இன்னொன்று 1.00 என்று இருந்தாலும் சேர்ந்த பைப்பில் கிட்டத்தட்ட 0.90 தான் வரும். முதலில் இரண்டு கார்புரேட்டரும் சமமாகக் காற்று இழுக்கிறதா என்று காற்றளவு மீட்டரால் சமன்படுத்துங்கள். பிறகு எல்லாப் பிளக்கையும் வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள். இந்த இடத்தில் சென்சாரால் முடியாததைப் பிளக் செய்கிறது.

மனமிருந்தால் ஒவ்வொரு கிளைப் பைப்பிலும் ஒரு வளையம் வைத்து, ஒரே சென்சாரை மாற்றி மாற்றி மாட்டிப் பார்க்கலாம். மற்றவற்றை மரையாணி போட்டு அடைத்துவிடுங்கள்.

கீழே அருமையாக ஓடுகிறது. மலை ஏறினால் சோம்பேறியாகிவிடுகிறது, மீட்டரும் இறங்குகிறது. எதை மாற்றுவது?

அடிக்கடி போகாவிட்டால் எதையும் மாற்ற வேண்டாம். உயரத்தில் காற்று மெலிகிறது. கார்புரேட்டர் அதே அளவுக்குப் பெட்ரோலைக் குறைப்பதில்லை. 1000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 5 சதவீதம் ரிச் ஆகும். 0.87 இருந்த முழு த்ராட்டில் 2000 மீட்டரில் 0.79 பக்கம் போய்விடும், இழுவை குறையும். ஆனால் எஞ்சினுக்கு ஆபத்து இல்லை. ஆபத்து திரும்பி வரும்போதுதான்: மேலே சிறிய ஜெட் போட்டு அழகாக்கிவிட்டு, அப்படியே கீழே வந்து முழு த்ராட்டிலில் ஓட்டினால் லீன்.

சென்சாரை அப்படியே பைப்பில் விட்டுவிடலாமா? எத்தனை நாள் உழைக்கும்?

மின்சாரம் கொடுக்காமல் பைப்பில் விட்டு ஓட்டாதீர்கள். ஹீட்டர் ஓடாத சென்சாரின்மேல் கரி படிந்து சீக்கிரமே செத்துவிடும். எப்போதும் மீட்டர் ஓடுகிறதென்றால் இருக்கட்டும், இல்லையென்றால் கழற்றிவிட்டு மரையாணி போடுங்கள். மரையில் மட்டும் காப்பர் கிரீஸ் மெல்லியதாகத் தடவலாம், முனையில் படக் கூடாது.

அதைக் கொல்பவை: ஈயம் கலந்த எரிபொருள், சிலிக்கோன் பசை, ஹெட் கேஸ்கெட் வழியாகக் கசியும் கூலன்ட், பிஸ்டன் ரிங் தேய்ந்து எரியும் எண்ணெய். எஞ்சின் நீலப்புகை விடுகிறதென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சென்சார் நல்ல நிலையில் இருக்கிறதா என்று அறிய வெளியே எடுத்துச் சுத்தமான காற்றில் ஓட்டிப் பாருங்கள். லீன் பக்கத்தின் கடைசி எண்ணைக் காட்ட வேண்டும். காட்டாமல் நடுவில் நின்றால் அதன் பேச்சை நம்பி ஜெட்டைத் தொடாதீர்கள்.

எண் எல்லாம் நீங்கள் சொன்னபடிதான். ஆனால் 0.93-ல்தான் வண்டி சந்தோஷமாக ஓடுகிறது, 1.00-ல் திக்குகிறது. யாரை நம்புவது?

வாக்குவம் அட்வான்ஸும் கசிவும் பார்த்தாகிவிட்டதா? அப்படியென்றால் எஞ்சினை நம்பி 0.93-ல் விடுங்கள். மேலே கொடுத்த எண்கள் தொடக்கப் புள்ளிகள். உங்கள் மேனிஃபோல்டு எவ்வளவு சமமாகப் பங்கிடுகிறது என்பது எனக்குத் தெரியாது, உங்கள் எஞ்சினுக்குத் தெரியும். சீரான வேகத்தில் மெதுவாக லீன் ஆக்கிக்கொண்டே போய், திக்க ஆரம்பிக்கும் எண்ணைக் குறித்து, அதிலிருந்து 0.04 ரிச் பக்கம் வந்து நிறுத்துவது என் வழக்கம்.

அந்த எண்ணோடு அன்றைய வெப்பநிலை, பெட்ரோல் வகை, ஜெட் அளவு, டைமிங் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி காரிலேயே வையுங்கள். வெயில் காலத்தில் கொஞ்சம் ரிச்சாகவும் குளிர் காலத்தில் கொஞ்சம் லீனாகவும் நகரும். அப்போது புதிதாகப் பிழை வந்ததா, பருவம் மாறியதா என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.